என் வலது காலுக்கு உணர்ச்சி திரும்பிய விதம்

பிள்ளைகளே, உங்களுக்கும் பின்னாளில் சர்க்கரை வரலாம். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

1991 கோடையில் ஒருநாள் மறைமலை நகர் கம்பெனியில் இரும்பு கடையும் லேத் மெஷின் முன்னால் நின்றிருந்தேன். வலது ஷூவுக்குள் பஞ்சு அடைத்தது போலிருந்தது. கழற்றி உதறினேன். ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்கிறோம், மரத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, சேரப்பணஞ்சேரி வீட்டில் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். லேத்தில் சீவிய இரும்புச் சுருள் உள்ளங்காலில் ஏறியிருந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் புண்ணைக் கட்டிவிட்டு, குண்டூசியால் விரல் விரலாகத் தொட்டார். ஐந்திலும் தெரியவில்லை. நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெடுவது) என்றார். ரத்தசோகையும் (ரத்தம் குறைவது) இருந்தது.

“காலை எடுக்கணுமா சார்?”

“புண் ஆறிட்டா வேணாம். என்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க.”

செல்வி, நீ கைக்குழந்தையாகக் காமாலையில் கிடந்தபோது, இனிக் கறி, மீன் என்று கவிச்சி எதையும் தொடமாட்டேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அப்போது ஒன்பது வருடமாகியிருந்தது. முட்டைகூட இல்லை. கேன்டீன் டீ சர்க்கரை போட்டே வரும். அதனால் சர்க்கரை வந்தபின் டீயோடு பாலையும் தயிரையும் விட்டேன். வீட்டிலும் பாலில்லாத வரக்காப்பிதான். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன்.

“நரம்புக்கு பி12 வைட்டமின் வேணும். அது இருக்கிற எல்லாத்தையும் விட்டுட்டீங்க. உங்க சர்க்கரை மாத்திரையும் சிலருக்கு அதைக் குறைக்கும். ஊசி போடுறேன். ஆனா சர்க்கரை கெடுத்ததை ஊசி சரிபண்ணாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது.”

வெளியே வந்ததும் உங்கள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “கவிச்சியத்தான வுடுறேன்னு வேண்டிக்கினீங்க? பாலும் தயிரும் இன்னா பாவம் பண்ணுச்சு? மாதா கேட்டாங்களா?”

“கேக்கல.”

“அப்போ நீங்களா எதுக்கு அள்ளிக் குடுத்தீங்க?”

அன்றிரவே தயிர் ஊற்றினாள். ஊசியும் மாத்திரையும் தவறாமல் நடந்தன. ஏழாவது வாரம் புண் மூடியது. “கால் உங்களுதுதான்” என்றார் டாக்டர்.

முன்பு ஷிப்டை வைத்தே நாளை எண்ணுவேன். இப்போது காலையில் புண் ஏதும் இருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது.

போன ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குள் வெறுங்காலோடு போனேன். தரை சில்லென்றது. மூன்று விரலுக்கு மட்டும். மற்ற இரண்டும் வரலாம், வராமலும் போகலாமாம். வரட்டும், மெதுவாக. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.