பாராட்டினால் கண் படுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து மணலூர்பேட்டை திரும்பும் பஸ். என் பக்கத்தில் மகள் மலர். மூன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் இருக்கமாட்டாள், கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவாள். அதற்காகத்தான் இன்று குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

"திட்டுவதைக் குறையுங்கள். நல்லது செய்தால் உடனே, என்ன செய்தாள் என்று சொல்லிப் பாராட்டுங்கள்" என்றார் அவர்.

பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். "மலரு, முன்சீட்ட உதைக்காம குந்திக்கினு வர்ற. நல்லாருக்குடா."

அவள் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். நான் யாரைச் சொல்கிறேன் என்று தேடினாள்.



எங்கள் சீட்டிலேயே ஜன்னலோரம் கூடையோடு இருந்த அக்கா கேட்டார்: "இன்னாமா, பெத்தவளே மெச்சிக்கினா புள்ளைக்குக் கண்ணு பட்டுடாது?"

"கவுன்சிலர் மேடம் சொல்லச் சொன்னாங்கக்கா."

"குந்தினு வர்றதுக்கா? நானுந்தான் குந்தினு வர்றேன், எனக்கும் ஒண்ணு சொல்லு."

மலர் சிரித்துவிட்டாள்.

ரிஷிவந்தியத்தில் அந்த அக்கா எழுந்தார். யாரும் சொல்லாமலே மலர் காலை மடக்கி வழிவிட்டாள்.

"பார்றா, சொல்லாமலே வழி வுடுது. தங்கம்!" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

பஸ் கிளம்பியதும் மலர் என் காதருகே வந்தாள்.

"அம்மா, அவங்க என்னத்தான சொன்னாங்க?"

"உன்னத்தான்டா."

வீட்டுக்கு வந்ததும், நல்லது செய்தால் ஒட்டச் சொல்லி கவுன்சிலர் கொடுத்த அட்டையில் ஒரு ஸ்டாரை ஒட்டினேன். அப்புறம் உப்பு மிளகாயும் சுற்றிப் போட்டேன். கவுன்சிலரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.