காங் வக்கீலுக்குச் சட்டப்படி மனைவி இல்லை

எங்கள் ஆண்டோங்கில் வக்கீல்கள் பொய் சொல்வதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. உப்புக் கானாங்கெளுத்தியில் உப்பு இருக்கிறது என்று யாராவது புகார் கொடுப்பார்களா? அதனால்தான் காங் பியோங்ஹுன் எங்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தார். ஐம்பது வருடம் கோர்ட்டுப் படி ஏறிய மனிதரிடம் கிண்டல் செய்ய ஒரு கறையாவது இருக்க வேண்டாமா? ஒன்றே ஒன்று இருந்தது. ஊரில் அத்தனை பேருடைய சொத்துத் தகராறுக்கும் சட்டம் சொன்ன அவர், நாற்பத்திரண்டு வருடம் சட்டத்துக்குப் புறம்பாகக் குடும்பம் நடத்தினார்.

பெண் ஓக்பூன். கொரியச் சண்டைக் காலத்தில் இருவரும் பூசானுக்கு ஓடிவந்த அகதிகள். அவர் கூடாரத்துக்குள் நடந்த சட்டக் கல்லூரியில் படித்தார். அவள் கூடாரத்துக்கு வெளியே அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்றாள். ஒரு மாதம் கிழங்கு வாங்கித் தின்றபிறகுதான் பெயர் கேட்கத் தைரியம் வந்தது.

"காங் ஓக்பூன்."

"எந்த ஊர்க் காங்?"

"நீங்க எந்த ஊர்க் காங்கோ அதே காங்தான். மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? கிழங்கு வேகலையா?"

கிழங்கு வெந்துதான் இருந்தது. வேகாதது உறவு. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் குதிரைமேல் போன ஒரு தளபதிக்கு இருவரும் பேரப்பிள்ளைகள். ஆகவே பங்காளிகள். பங்காளிக்குள் கல்யாணம் கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சில வருடத்தில் சட்டப் புத்தகமும் அதையே சொன்னது. அவர் ஒரு முழு ராத்திரி யோசித்தார் என்று நினைக்காதீர்கள். இன்னொரு கிழங்கு வாங்கினார், அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. பதிவு நடக்கவில்லை. குலப் பெரியவர்கள் வம்சாவளிப் புத்தகத்தில் அவர் பெயருக்குக் கீழே காலியாக விட்டார்கள். இரண்டு மகன்களும் ஒரு மகளும் குடும்பப் பதிவேட்டில் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள். ஓக்பூன் தன் அப்பாவின் பதிவேட்டில் கல்யாணமாகாத பெண்ணாகவே நரைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் பதிவேட்டு நகல் கேட்பார்கள். முதல் நாளே காங் வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியார் அறையில் நிற்பார். "இந்த நகல்ல அம்மா பேரு தனியா இருக்கும். அது சட்டத்தோட கோளாறு, என் பிள்ளைங்களோட கோளாறு இல்ல. கேள்வி ஏதாவது இருந்தா எங்கிட்டக் கேளுங்க. வகுப்புல கேக்காதீங்க." மூன்று பிள்ளைகள், பன்னிரண்டு வகுப்பு. ஒரு வருடம்கூடத் தவறவில்லை. வாத்தியார்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவருக்கு நாற்காலி போட்டு வைத்தார்கள்.

எழுபத்தெட்டில் அரசாங்கத்துக்கு மனம் இரங்கியது. சட்டம் மாறாது, ஆனால் ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிற ஒரே குலத் தம்பதிகள் அந்த ஒரு வருடத்துக்குள் வந்தால் பதிந்து கொடுப்பார்களாம். வக்கீல் விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஓக்பூன் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"ஏங்க, நாம செஞ்சது தப்புதான்னு இது சொல்லுதா?"

"நேரடியாச் சொல்லல."

"வக்கீல் பதில் வேண்டாம். வீட்டுப் பதில் சொல்லுங்க."

"ஆமா. தப்புதான், போனாப் போகுதுங்குது."

"நான் என்ன கோழியா திருடினேன், போனாப் போகுதுங்கறதுக்கு? முன்வாசலத் திறந்தாச் சொல்லுங்க, வர்றேன்." விண்ணப்பத்தில் நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டினாள்.

அந்த வருடம் அவர் நூற்றுச் சொச்சம் தம்பதிகளைக் கைப்பிடித்துப் பதிவு அலுவலகத்துக்குள் கூட்டிப் போனார். தன் மனைவியை மட்டும் கூட்டிப் போக முடியவில்லை. எண்பத்தெட்டில் அதே கதவு மறுபடி ஒரு வருடம் திறந்தது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கருவாடு.

தொண்ணூற்றாறில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து வேண்டும். தாளை நீட்டிய டாக்டர் பதிவேட்டு நகலைப் பார்த்தார்.

"பாட்டி, நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"பொண்டாட்டி."

"இதுல அப்படி இல்லையே. மகன் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

மூத்த மகன் தேகுவிலிருந்து கார் ஓட்டி வந்து சேர இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் அவள் நடைக்கூடத்து நாற்காலியில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் பெயர் முத்திரை இருந்த பையைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தவரிடம் முதல் வேலையாக அவளே கேட்டாள். "மூணாவது தடவையா அந்தக் கதவு திறந்திருக்காமே. விண்ணப்பத்தை எடுத்துட்டு வாங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

இங்கேதான் அந்த மனிதர் என்னை மலைக்க வைக்கிறார். நெஞ்சில் தையல்கூடப் பிரிக்கவில்லை.

"மாட்டேன்" என்றார்.

"என்னது?"

"சியோல்ல சட்டத்தையே எதிர்த்து வழக்கு நடக்குது. நம்ம ஊர்த் தம்பதிங்க வாக்குமூலம் ரெண்டு பெட்டி அனுப்பியிருக்கேன். மேலே இருக்கறது நம்மளோடது. இப்ப நாம பின்வாசல் வழியாப் போனா அதை உருவி எடுக்கணும்."

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் யாரு? கிழங்கு விக்கிறவளா?"

"ஆகாமப் பாத்துக்கறேன்."

"அதுக்கு என்ன சட்டம் இருக்கு?"

சட்டம் எதுவும் இல்லை. பதினெட்டு வருடம் அவள் பிடித்த பிடிவாதத்தை அவர் இப்போதுதான் கையில் வாங்கியிருந்தார், திருப்பித் தரவில்லை. ஒரு மாதம் அவள் போட்டது தண்ணிக் கஞ்சிதான். அவர் தினம் காலையில் நதிக்கரையில் மூன்று மைல் நடந்தார். குடியை விட்டார், சிகரெட்டை விட்டார், கட்சிக்காரர்களிடம் கோபப்படுவதையும் விட்டார். ஒரு தீர்ப்பு வருகிறவரை செத்துப் போகக் கூடாது என்பதைத் தொழிலாக வைத்துக்கொண்ட மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் ஜூலையில் தீர்ப்பு வந்தது. பங்காளித் தடை செல்லாது. குலப் பெரியவர்கள் குதிரைமயிர்த் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்து நாடு நாசமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். நாசமான நாட்டில் பதிவு அலுவலகம் ஒரே குலத் தம்பதிகளை வாங்கிக்கொள்ள ஆரம்பித்த அன்றே காங் வக்கீல் மனைவியோடும் மகன்களோடும் அங்கே நின்றார்.

எழுத்தர் சின்னப் பெண். "தாத்தா, ரெண்டாவது கல்யாணமா?"

"முதல்தான்மா. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"சாட்சி ரெண்டு பேர் வேணுமே?"

"நாங்கதான்" என்று மூத்தவன் முன்னால் வந்தான். நாற்பத்தொரு வயது, பாதி வழுக்கை.

"மணமக்களுக்கு நீங்க என்ன உறவு?"

"மகன்."

அந்தப் பெண் மேலதிகாரியைப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சட்டத்தில் தடையில்லையாம். சின்னவன் முத்திரை குத்தும்போது, "அப்பா, அம்மாவை நல்லாப் பாத்துக்குவீங்கல்ல? நல்லா யோசிச்சுக்கங்க" என்றான், ஓக்பூன் கையிலிருந்த குடையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதன்பிறகும் காங் வக்கீல் அவசரப்படவில்லை. இன்னும் இருபத்தைந்து வருடம் இருந்தார். தொண்ணூற்று மூன்றாவது வயதில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கியவர் எழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே ஓக்பூன் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. இறப்பு அறிவிப்புப் படிவத்தைக் கேட்டு வாங்கி, எண்பத்தொன்பது வயதுக் கையால் ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினாள். அறிவிப்பவருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினாள், எழுத்து பெரிதாகிவிட்டது.

"பாட்டி, கட்டத்துக்கு வெளியே போயிருச்சு" என்றார் எழுத்தர். "வேற தாள் தரட்டுமா?"

"படிக்க முடியுதுல்ல?"

"முடியுது."

"அப்ப இதையே வச்சுக்கப்பா" என்று முத்திரையை எடுத்து ஊதி, அழுத்திக் குத்தினாள்.