அப்பா அடுக்கி வைத்த கிண்ணம்

அப்பா சமையலறைக்குள் நுழைந்து அடுப்பு பற்ற வைத்தது, எனக்குத் தெரிந்து, அந்த வருஷம்தான். அதற்கு முன்னால் தண்ணீர் வேண்டும் என்றால்கூட இருந்த இடத்திலிருந்தே கேட்டு வாங்கித்தான் குடிப்பார். செம்பு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முன்னால் தட்டு வந்துவிட வேண்டும். அது வந்துவிடும்படி அம்மா பார்த்துக்கொண்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தது. என்னிடம் அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். முடி கொட்டியதும், சமயபுரத்துக்கு வேண்டுதல், மொட்டை போட்டாயிற்று என்றார்கள். நான் அதையும் நம்பி, பள்ளிக்கூடத்தில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளை ஏமாற்றுவது பெரியவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

வைத்தியம் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில். அங்கே ஊசி போடுவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எடை குறைந்திருந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லி ஊசி போடாமலே அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒருமுறை திருப்பி அனுப்பியும் விட்டார்கள். அடுத்த முறைக்குள் எடை ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே கிடையாது என்பதுதான் அப்போது வீட்டில் எல்லாருடைய நினைப்பிலும் இருந்த விஷயம். ஆனால் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் ஓடுவாள். அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, அடிக்கடி பஸ் ஏறித் தூக்குவாளியில் ஏதாவது கொண்டுவருவாள். அதைக் கடைசியில் நானும் அப்பாவும்தான் சாப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்கிற ஒரு பெண், சிறுதானியம், தோலில்லாத கோழிக்கறி, எல்லா நிறத்துக் காய்கறியும் கொடுங்கள், எண்ணெய் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா லாரிக்கு லீவு சொல்லிவிட்டு போனில் தேட ஆரம்பித்தார். தேடியதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கிடைத்தாள். அவள் ஓர் ஆழமான கிண்ணத்தில் ஏதோ ஒரு தானியத்தைப் பரப்பி, அதன்மேல் வறுத்த காய்களை நிறம் நிறமாக அடுக்கி, நடுவில் மசாலா தடவிய கோழித் துண்டுகளை வைத்துச் சிரித்தாள். அவள் பேசியதில் ஒரு வார்த்தையும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கைதான சமைக்குது, வாயா சமைக்குது?" என்றார். அந்தத் தைரியத்தில்தான் எல்லாக் கோளாறும் தொடங்கியது.

அந்தத் தானியத்தை அப்பா வரகு என்று முடிவு செய்தார். சிறு வயதில் வேறு வழியில்லாமல் வரகுச் சோறு தின்று, அதன் பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற மனுஷன், ஜெயங்கொண்டம் போய்க் கண்ணாடி அலமாரிக்குள் பாக்கெட்டில் இருந்த அதே வரகைப் பயபக்தியோடு வாங்கி வந்தார். வீடியோவில் கோழிமேல் சிவப்பாக ஒரு பொடியைத் தூவினார்கள். சிவப்பென்றால் அது மிளகாய்த்தூள்தான் என்று அவரும் அதே அளவுக்குத் தூவினார். பிறகு அம்மாவுக்குக் காரம் ஆகாது என்பது நினைவு வந்து, கறியை மொத்தமாகக் குழாயடியில் கொண்டுபோய் அலசினார். இரண்டாவது தடவை தயிர், மஞ்சள், சீரகம், கொஞ்சம் மிளகு, எலுமிச்சைச்சாறு என்று நிதானத்துக்கு வந்தார்.

காய்கறிதான் பெரிய கூத்து. காயை வறுக்க வேண்டும் என்பது வீடியோவைப் பார்த்ததில் அவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரருக்கு வறுப்பது என்றால் கடலை வறுப்பது. இரும்பு வாணலியில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, நறுக்கிய பரங்கிக்காயையும் கேரட்டையும் கத்தரிக்காயையும் அதில் போட்டுக் கிளறினார். ஈரக்காயில் மணல் அப்பிக்கொண்டது. கரண்டியால் சுரண்டிப் பார்த்தார், சலித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். மணலில் கடலைதான் வறுப்பார்கள், காயைத் தோசைக்கல்லில் துளி எண்ணெய் விட்டுப் பரப்பி மேலே மூடி வையுங்கள் என்று கட்டிலிலிருந்தே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெகு நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு என்பதால் அப்பாவும் மணல் காயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

ஒருவழியாக மத்தியானம் கிண்ணம் தயாரானது. நடுவில் குவித்த வரகுச் சோறு, சுற்றிலும் பரங்கி, கேரட், பீட்ரூட், கத்தரிக்காய் தனித்தனியாக, உச்சியில் கோழித் துண்டுகளும் பாதியாக வெட்டிய அவித்த முட்டையும். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அவர் அடுக்கிய அழகை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்ததும் எதிரே ஒரு முக்காலி போட்டு அதன்மேல் கிண்ணத்தை வைத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். கறி வாசனை அவளைப் புரட்டக்கூடாதே என்று இரண்டு ஊதுபத்தியைக் கொளுத்தி முக்காலி ஓரத்தில் செருகினார். பிறகு சற்றுத் தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் இப்படிப் பரிமாறுவதில்லை. சோற்றைப் போட்டால் உடனே குழம்பை ஊற்றிப் பிசைந்துவிடுவார்கள். குழம்பு ஊற்றாமல், கை படாமல், பிடித்ததையெல்லாம் சுற்றிலும் வைத்து, தண்ணீர் வைத்து, பத்தி கொளுத்தித் தள்ளி நிற்பது செத்துப்போனவர்களுக்குத்தான்.

"என்னண்ணே இது?" என்றாள் அத்தை. "உசுரோட இருக்குறவங்களுக்குப் படையல் போட்டு வச்சிருக்க?"

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். இத்தனை நேரம் அவர் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. ஓடிப்போய் ஊதுபத்தியைப் பிடுங்கி விரலாலேயே நசுக்கி அணைத்தார். சூடு பட்டது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக் கொல்லையில் கொட்டப் போனார். அம்மா எட்டி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ங்க. அப்பறம் வச்சீங்கன்னா என்னால சாப்புட முடியாதுல்ல. இப்பவே சாப்புட்டுக்குறேன்."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வேடிக்கையாகத்தானே அம்மா பேசினாள், இதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு அத்தைமேல் கோபம் வந்தது. அம்மா அந்த அழகான அடுக்கையெல்லாம் கலைத்து, காயையும் கறியையும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவதை உருட்டி என்னைக் கூப்பிட்டு ஊட்டினாள்.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு. நீ சொல்லு, உப்பு இருக்கா?"

பத்தவில்லை என்றேன். மிளகு அதிகம், கத்தரிக்காய் கருகல் என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா அதையெல்லாம் திருப்பி அப்பாவிடம் சொல்லி, நாளைக்குச் சரி செய்யுங்கள் என்றாள். கிண்ணத்தை நான்தான் காலி செய்தேன்.

அடுத்த வாரம் பெரம்பலூர் போனார்கள். எடை ஏறவில்லை, இன்னும் குறைந்திருந்தது. ஊசி போடாமல் பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள். அப்பா வந்ததும் வராததுமாகச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. நாங்கள் கடை இட்லி சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அம்மாவே அவரை எழுப்பினாள். வத்தக்குழம்பு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்றாள். அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். வாய்க்கு ருசி கேட்கிறது என்றால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம். புளி எவ்வளவு, எப்போது கொதி அடங்க வேண்டும், பெருங்காயம் எப்போது என்று அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல ஓடி ஓடிச் செய்தார். தாளிப்பு வாசனை வந்தபோது அம்மா முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள், ஆனால் கொல்லைக்கு ஓடவில்லை. குழம்பு வந்ததும் ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு என் பக்கம் தட்டைத் தள்ளினாள். அதற்கடுத்த நாள் ரசத்துக்கு ஆசைப்பட்டாள். பிறகு பருப்பு, கீரை மசியல், கோழிக்குழம்பு. எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டாள், எதையும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் கேள்வி. உப்பு இருக்கிறதா, காரம் சரியா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறாயா. என் நாக்கு ரொம்பக் கூர்மையானது, அதனால்தான் அம்மா என்னை நம்புகிறாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. ஆசையாகக் கேட்கிறாள் என்று செய்தால் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை, திரும்பச் செய் திரும்பச் செய் என்றால் மனுஷன் என்னதான் பண்ணுவான் என்று கத்தினார். கரண்டி அவர் கையிலேயே இருந்தது.

"நான் இதெல்லாம் யாருக்காகப் பண்றேன்னு நெனச்ச?"

அம்மா திரும்பி, தட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அம்மாவைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை, பெரம்பலூர் பேச்சையும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்குள்ளும் சண்டை வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அம்மா போவதற்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்குழம்பும் சோறும். அன்றைக்குக் கட்டிலிலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை, அப்பாவும் எதையும் கேட்கவில்லை. இத்தனை வாரமாக அப்பா இப்படித் தனியாகச் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா மூச்சுப் பிடித்துக்கொண்டு பேசினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக் கையை நக்கிக்கொண்டே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டாள். குரல் ரொம்பச் சன்னமாகிவிட்டிருந்தது.

"நீ வச்ச மாதிரியே இருந்துச்சும்மா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பாவின் சமையலை அவள் சமையலோடு சேர்த்துப் பேசியதில் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. சமையலறையில் இருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி அவள் காதுக்குள் குனிந்து, சும்மா சொன்னேன், அப்பா குழம்பு நல்லாவே இல்லை, நீதான் எழுந்து வந்து வைக்க வேண்டும் என்றேன். அவளைச் சமாதானப்படுத்திவிட்ட திருப்தியோடு விளையாடப் போனேன்.