ஒரு ஜன்னலும் இரண்டு கேரல் கூட்டமும்

மணி அடிக்கவும் பாய் விரிக்கவும் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைக் கோயில்பிள்ளை வேலைக்குச் சேர்த்தார்கள்; நடக்கும்போது எந்தப் பக்கமும் சாயாமல் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேறு சபைகளில் சாவியும் துடைப்பமும் வைத்திருக்கும் என் கூட்டாளிகளுக்கு இது புரியும். எங்களுடையது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் கிறிஸ்தவக் கோயில். மேல் லயம், கீழ் லயம் என்று தொழிலாளர் வீடுகள் இரண்டு வரிசை; சேர்த்து முப்பத்தொரு குடும்பம்.

ஜன்னல்

ஆராதனை நேரத்தில் வடக்கு ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வரும். மேல் லயத்து மூப்பர் செல்லத்துரை அதைச் சாத்தச் சொல்லிக் கை காட்டுவார். சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்று கீழ் லயத்துத் தங்கராஜ் திறக்கச் சொல்வார். அவர் பாடகர் குழுத் தலைவர். ஒரு ஞாயிறு பிரசங்கம் முடிவதற்குள் ஏழு தடவை எழுந்து போனேன். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு குச்சியைச் செருகிப் பாதி திறந்து வைத்தேன். இருவருக்கும் கோபம். வாசலில் செல்லத்துரை மெதுவாகத்தான் சொன்னார்: "ஓய், நீரு எந்தப் பக்கம்னு மொதல்ல முடிவு பண்ணும்."

தம்ளர்

ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பால் சேர்க்காத கட்டன் சாயா உண்டு. ஒரு வாரம் மேல் லயம் போடும், மறு வாரம் கீழ் லயம். ஜன்னல் சண்டைக்குப் பிறகு ஒரு லயத்துச் சாயாவை மற்ற லயத்தார் தொடவில்லை. நான் வழக்கம்போல ஐம்பது தம்ளர் எடுத்து வைப்பேன். பாதி தம்ளர் அப்படியே கவிழ்ந்திருக்கும்.

எஸ்டேட் வாட்ச்மேன் முருகன் சபைக்காரர் அல்ல. சாயாவுக்கு மட்டும் வாராவாரம் வருவார். அவர் சொன்னார்: "ஒமக்குக் கழுவுற வேலை பாதியாயிட்டு அண்ணாச்சி. நான் எந்தப் பக்கமும் இல்லங்கதால எனக்கு மட்டும் எல்லா வாரமும் டீ."

கேரல்

டிசம்பர் வந்தது. கீபோர்டு மேல் லயத்தில் இருந்தது, டிரம் கீழ் லயத்தில். வீடு வீடாகப் பாடப் போக இரண்டு கூட்டம் கிளம்பியது. நட்சத்திர விளக்கு மட்டும் ஒன்றுதான். அதனால் முதல் நாள் சாயங்காலம் ஒரு கூட்டத்துக்கும் மறுநாள் மற்றதற்கும் நானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். முதல் நாள் ராகம் இருந்தது, தாளம் இல்லை. மறுநாள் தாளம் மட்டும் இருந்தது.

டீ ஃபாக்டரியில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி இந்துக் குடும்பத்துப் பெண். வருஷா வருஷம் எங்களுக்குக் காபி கொடுப்பாள். இரண்டாம் நாளும் கதவைத் திறந்து, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்: "நேத்தும் ஒரு கூட்டம் வந்து பிள்ள பொறந்திருக்குன்னு பாடிட்டுப் போச்சே அண்ணாச்சி, இது ரெண்டாவது பிள்ளையா?"

ரோசம்மாள் அக்கா

இரண்டு லயத்துக்கும் நடுவில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒற்றை வீடு ரோசம்மாள் அக்காவுடையது. கொழுந்து எடுக்கையில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். கோயிலுக்கு அவரால் வர முடியாது. கோயில் அவரிடம் போவது கேரல் அன்று மட்டும்.

அவர் பிறந்தது கீழ் லயம், அவர்கள் போவார்கள் என்று மேல் லயம் விட்டது. வாக்கப்பட்டது மேல் லயம், அவர்கள் போவார்கள் என்று கீழ் லயம் விட்டது. அந்த வீட்டுத் திருப்பத்தில் இரண்டு கூட்டமும் நிற்கவில்லை. விளக்கு பிடித்த நானும் நிற்கவில்லை.

பண்டிகை ஆராதனை முடிந்து கேக் கொண்டு போனேன். கேரல் கூட்டத்துக்கென்று யாரையோ கொண்டு கழுவி அடுக்கிய தம்ளர்கள் கட்டிலருகே அப்படியே இருந்தன. ஒன்றிலும் சாயா ஊற்றப்பட்டிருக்கவில்லை. கேக்கை அவற்றின் பக்கத்தில் வைத்தேன். அவர் திட்டவில்லை.

"பாட்டு ரெண்டு நாளும் கேட்டுச்சு தம்பி. நீங்க வருவியன்னு ஜன்னலத் தொறந்தே வச்சிருந்தேன். பனிதான் வந்துச்சு."

இதைச் செல்லத்துரையிடமும் தங்கராஜிடமும் அப்படியே சொன்னேன்; அக்காவை மறந்தது மேல் லயமா கீழ் லயமா என்பதுதான் இப்போது எங்கள் சபையில் புதுச் சண்டை.