படித்தேன், சரி

டிரெஸ்டனில் நிரல் எழுதுகிறவர்களுக்கு அன்னெக்ரெட் லோசே என்ற பெயரைக் கேட்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். ஐம்பதைத் தாண்டியவள், மழையானாலும் எல்பே ஆற்றோரமாகச் சைக்கிளில்தான் வருவாள், அடுத்தவர் நிரலில் ஈரைப் பேனாக்காமல் விடமாட்டாள்.

அவள் வேலை டிரைவர்கள் எழுதுவது. பேருந்து ஓட்டும் டிரைவர் அல்ல, கணினியின் வட்டையும் வலை அட்டையையும் ஓட்டும் நிரல். ஒரு பெரிய கணினிக்குள் பல வாடகைக் கணினிகள் குடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தானே ராஜா என்ற நினைப்பு. வட்டில் எதையாவது எழுத வேண்டுமென்றால் குடியிருப்பவனின் டிரைவர் ஒரு பொதுப் பலகையில் கேட்டு எழுதும், வீட்டுக்காரனின் டிரைவர் அதைப் பார்த்துச் செய்து கொடுக்கும். குடியிருப்பவன் திருடனாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே பலகையை ஒரே முறை பார்த்து நகல் எடுத்து, நகலைச் சோதித்து, நகலின்படியே நடக்க வேண்டும். சோதித்த பிறகு மறுபடி பலகையைப் பார்த்தால், நடுவில் அவன் அழித்து வேறு எழுதியிருப்பான். பக்கத்துக் குடித்தனங்களின் கதவெல்லாம் திறந்துவிடும்.

பலகையை நம்பாதே என்று அன்னெக்ரெட் சொல்லாத நாளில்லை.

அலுவலகத்தில் நாலு கண் விதி உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, 'படித்தேன், சரி' என்று பெயர் போட்டால்தான் அது உள்ளே போகும். அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, பல வருஷமாக எதிர் மேசையில் இருக்கும் யோர்ன், தான் எழுதிய புது டிரைவரை அவள் படிக்க அனுப்பிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு எங்க பொண்ணு லோட்டேவப் பள்ளிக்கூடத்துல சேக்குறோம். முதல் நாள் பிள்ளை கையில குடுக்குற இனிப்புக் கூம்பையே இன்னும் ரொப்பல. கடைசிப் பகுதி அவசரத்துல எழுதினது, அங்க மட்டும் நல்லாப் பாத்துரு."

வேறு யாராவதாக இருந்தால் பிய்த்து எடுத்திருப்பாள். யோர்ன் எழுதியதைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று நினைத்தாள். வெளியே நல்ல வெயில் வேறு. திறந்துகூடப் பார்க்காமல் பெயரைப் போட்டாள்.

அடுத்த வசந்தத்தில் கிராட்ஸ் நகரிலிருந்து, நிரல்களில் ஓட்டை தேடும் ஓர் ஆராய்ச்சிக்காரி எழுதினாள். யோர்னின் டிரைவர் பலகையை இரண்டு முறை பார்க்கிறது, அதுவும் அந்தக் கடைசிப் பகுதியில். எதுவும் களவு போகவில்லை, ஆனால் அதைச் சரிசெய்ய வாடிக்கையாளர்கள் ஒரு வாரக் கடைசி முழுக்க இயந்திரங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை தலைவர் ஃபோல்க்மார் கூட்டம் போட்டார்.

"தப்பு என்னுது. அன்னெக்ரெட் கண்ணுக்கே தப்பிச்சதுன்னா எவ்வளவு நுணுக்கம்னு பாத்துக்குங்க" என்றான் யோர்ன்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அன்னெக்ரெட் வாயைத் திறந்தாள். ஃபோல்க்மார் முந்திக்கொண்டார். அந்த டிரைவரின் பொறுப்பு இனி யோர்னிடம் இல்லை, அன்னெக்ரெட்டிடம். அவளை விடக் கறாரான ஆள் இந்த ஊரில் உண்டா என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலை நினைத்துப் பிற்பாடு கூசிக் குறுகாத நாள் அவளுக்கு இல்லை.

மத்தியானம் யோர்ன் பாலாடைக் கேக் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான், புதுப் பொறுப்புக்காகவாம். ஒரு விள்ளல் வாயில் போட்டாள், தட்டைத் தள்ளி வைத்தாள்.

"யோர்ன், அன்னிக்கு நான் படிக்கல."

"தெரியும். நான் சைக்கிள் பூட்டத் தொறக்கறதுக்குள்ள போன்ல உன் சம்மதம் வந்துருச்சே. அவசரத்துக்கு நானும் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். அதான் தப்பு என்னுதுன்னேன்."

அவன் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்புறம் ஏன் காலையில சொல்லல?"

யோர்ன் தன் மேசையிலிருந்த அந்த டிரைவரின் குறிப்புகளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"நீயே சொல்லுவேன்னு நம்புனேன்" என்றான்.