எமில் கோவாரின் இருபது கேஜ்

எமில் கோவார் முப்பது வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். சோள லாரி ஒன்று வாசலில் திரும்பும்போதே அதன் எடையைச் சொல்லிவிடுவார். தன் வலது தோள்பட்டை சொல்வது மட்டும் அவர் காதில் ஏறாது. என் தங்கை ஆர்டிஸ் அவரைக் கட்டிக்கொண்டு முப்பத்தாறு வருஷம் ஆகிறது. என்னைக் கேட்டால் அவளுக்குச் சிலையே வைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கிளப்பில் ஐந்து பேர் சேர்ந்து, பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடுவோம். பிறகு உள்ளே போய் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் சாப்பிடுவோம். இருபது வருஷமாக அதே ஐந்து பேர். போன குளிர்காலத்தில் எமிலின் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியால் சுட்டால் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இருபது கேஜ் பரவாயில்லையாம். கேஜ் எண் கூடினால் குழலும் தோட்டாவும் சிறியது, உதையும் குறைவு.

வேறு துப்பாக்கி வாங்கலாமே என்றேன். தன் அப்பாவின் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தோளில் வைக்கமாட்டாராம். சரி, அதையே மாற்றுவோம் என்றேன். பழைய இரட்டைக் குழலுக்குள் இருபது கேஜ் உள்குழாய்களைச் செருகித் தருகிற ஒருவர் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருந்தார். கொடுக்க ஒரு தரம், அளவு சரிபார்க்க ஒரு தரம், வாங்கிவர ஒரு தரம். மூன்று தரமும் வண்டி ஓட்டியவன் நான். வழி நெடுக முனகியவர் அவர். கடைசியில் உள்குழாய்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. வேண்டுமானால் தட்டி வெளியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கம்பியையும் கொடுத்தார் அந்த மனிதர். கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

இருபது கேஜ் தோட்டாக்கள் மஞ்சளாக இருக்கும். முதல் செவ்வாய் எமில் அந்தப் பெட்டியைத் திறந்ததுமே லூமிர் ஆரம்பித்துவிட்டான். எங்கள் ஐவரில் வாய் சும்மா இருக்காதவன் அவன்.

"என்னப்பா எமில், பேத்தியோட பெட்டிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அன்று இருபத்தைந்து தட்டுகளில் எமில் இருபத்திரண்டை உடைத்தார், லூமிர் பதினெட்டு. அதைச் சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். மாட்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சில்லியைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த செவ்வாய், அவருடைய முதல் சூட்டின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது கேஜ் அப்படி இடிக்காது. வீட்டிலேயே உள்குழாய்களைத் தட்டி எடுத்துவிட்டுப் பழையபடி பன்னிரண்டு கேஜாகக் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு சூட்டுக்கும் முகம் சுளித்தார். சாப்பிடும்போது வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அப்படி இருந்ததற்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஐந்து இடங்களில் மாறி மாறி நின்று சுடுவோம்; நான்காவது இடத்தில் விசையை அழுத்தினார். வெறும் 'டிக்'. துப்பாக்கியை மடித்துத் திறந்து பார்த்தார். உள்ளே தோட்டாவைக் காணோம். போட மறந்துவிட்டேன் போல என்று முணுமுணுத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் கைவிட்டார். திருகாணி, மிட்டாய், பழைய ரசீது என்று அந்தப் பைக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. காலி பண்ணுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஆர்டிஸ் ஓய்ந்துவிட்டாள். போன வாரத்து மஞ்சள் தோட்டா ஒன்றும் அதில்தானே கிடந்திருக்கும்? இது எனக்கு உறைப்பதற்குள் பன்னிரண்டு கேஜின் சிவப்புத் தோட்டாவைப் போட்டு மூடிவிட்டார்.

"மச்சான், விரல எடு. துப்பாக்கிய எங்கிட்ட குடு."

"ஏன், இப்ப என்ன?"

"குடுன்னா குடு."

வாங்கித் திறந்து, சிவப்புத் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழல்களைப் பார்த்தேன். ஒன்றில் வானம் தெரிந்தது. இன்னொன்றில் தெரியவில்லை. முதலில் கைக்கு வந்த மஞ்சள் தோட்டா பெரிய குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கி நின்றது. பின்னாலிருந்து பெரியதைச் சுட்டிருந்தால், குழலைத் தாங்கியிருக்கும் இடது கையிலேயே வெடித்திருக்கும்.

லூமிர் தன் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்தான். எமில் பெஞ்சில் உட்கார்ந்து தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்டிஸிடம் சொல்லாதே என்றார். சொல்லத்தான் செய்தேன்.

மறு செவ்வாய் உள்குழாய்களோடு வந்தார். பை காலியாக இருந்தது. கம்பியை என்னிடம் நீட்டினார்.

"இது உன் வண்டியிலயே கெடக்கட்டும். நானே கேட்டாலும் குடுக்காத."

போன வாரம் கம்பியைக் கேட்டார். உள்குழாயோடு துப்பாக்கி கனக்கிறதாம், பழையபடி ஒரே ஒரு சுற்று சுட்டுப் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதைக் கொடுக்காமல் ரொட்டிச் சுருள் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். இடது கையால் ஒன்றை எடுத்துக்கொண்டு, சர்க்கரை போதவில்லை என்று முனக ஆரம்பித்தார்.