பழைய விளையாட்டுக்கு அம்புக்குறி வேண்டுமா?

1. முதல் ரிப்போர்ட்

நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, செங்கம் ரோட்டில் ஒரு மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஆஸ்பத்திரி டோக்கன், ரூம் புக்கிங் என்றுதான் பழக்கம். விளையாட்டு எதையும் தொட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை எங்கள் மேனேஜர் ராஜவேல் சார் இருபத்தைந்து வருடம் பழைய ரோல்-பிளேயிங் கேம் ஒன்றை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். நாமே ஒரு வீரனாக ஊர் ஊராகப் போய், ஆட்களிடம் பேசி, சண்டை போட்டு, நாம் எடுக்கும் முடிவுகளால் கதையை நகர்த்தும் வகை. வெளிநாட்டுக் கிளையன்ட் ஒருவர் அதை மறுபடி வெளியிட நினைத்தார். இன்றைய ஆட்களுக்கு அது தாங்குமா, எதை மாற்றுவது, இல்லை விட்டுவிடலாமா என்று மூன்று வாரத்தில் நாங்கள் சொல்ல வேண்டும். விட்டுவிடச் சொன்னால் எங்கள் டீமில் நாலு பேருக்கு வேலை இல்லை. பொய்யாக நல்லது என்றால் கம்பெனி பேர் கெடும்.

எழுத்து எறும்பு அளவில் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று காட்ட ஒன்றும் இல்லை. தானாக சேவ் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. ஓநாய் ஒன்று கடித்துக் கொன்றதில் மூன்று மணி நேரம் ஆடியது மொத்தமும் போனது. மறுநாளே எழுதிக் கொடுத்தேன்: இதை இன்றைக்கு யாரும் ஆடமாட்டார்கள்.

சார் படித்துவிட்டு, "எதுவரைக்கும் ஆடினீங்க செல்வி?" என்று கேட்டார்.

"முதல் ஊர் சார்."

"லாகின் ஸ்கிரீன மட்டும் பாத்துட்டு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கு ரிப்போர்ட் எழுதுவீங்களா?"

முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயம். முடிக்காமல் இனி வாய் திறப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

2. படகோட்டி

ஒரு நோட்டு வாங்கினேன். வழியை அந்த விளையாட்டு படத்தில் காட்டாது. ஊர்க்காரர்கள் பேச்சில் சொல்வார்கள். பாலத்தைத் தாண்டி இடது பக்கம், இடிந்த சத்திரம் வரை என்பது மாதிரி. எழுதி எழுதிப் போனேன். ஐந்தாம் நாள் நோட்டைப் பார்க்காமலேயே வழி தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு ஆற்றங்கரை. படகோட்டியிடம் பேசினால் பதிலே வரவில்லை. எத்தனை முறை கிளிக் செய்தாலும் முதுகைத் திருப்பிக்கொண்டான். சந்தோஷமாக அதை பக், அதாவது புரோகிராமில் உள்ள தப்பு, என்று பதிவு செய்தேன். எங்கள் புரோகிராமர் தினேஷ் அரை நாள் விளையாட்டின் கோடிங்கைத் துருவிவிட்டு என் மேஜைக்கு வந்தான்.

"பக் இல்லீங்கக்கா. அவன் உங்க மேல கோவமா இருக்கான்."

முதல் ஊரில் ஒரு வாளுக்கு ஆசைப்பட்டு ஒருத்தனைக் காவலர்களிடம் காட்டிக் கொடுத்திருந்தேன். அவன் இந்தப் படகோட்டியின் தம்பியாம். நான் மறந்தே போயிருந்தேன். விளையாட்டு மறக்கவில்லை. படகு இல்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு நாள் பிடித்தது.

3. இரண்டு பேர்

முடித்துவிட்டுச் சாரிடம் போனபோது அவர் தயாராக ஒரு யோசனை வைத்திருந்தார். போகவேண்டிய இடத்தைக் காட்ட ஸ்கிரீனில் ஒரு அம்புக்குறி, பேச்சுகளில் பாதி வெட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கம்மி என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெளி ஆட்களை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் கலைந்த வாரம் அது. பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் இருக்கும் பரிமளாவுக்கு மதியத்தில் நேரம் இருந்தது. எங்கள் யூபிஎஸ் பார்க்க வரும் அடி அண்ணாமலை எலக்ட்ரீஷியன் ஏழுமலையும் ஒப்புக்கொண்டார். இருவரும் கேம் ஆடாதவர்கள். முழு விளையாட்டு இல்லை, முதல் ஊரிலிருந்து நேராக ஆற்றங்கரை வரை மட்டும், நாலு மதியம். பரிமளாவுக்கு தினேஷ் அம்பு போட்டுத் தந்த பதிப்பு, ஏழுமலைக்குப் பழையபடி.

பரிமளா வேகமாக முடித்தாள். விளையாட்டில் உன்னை ஆற்றங்கரைக்கு அனுப்பியது யார் என்று கேட்டேன்.

"தெரிலக்கா. அம்பு காட்டிச்சு, நானும் போனேன்."

ஏழுமலை இரண்டு முறை வழி தப்பினார், ஒரு முறை எழுந்தே போய்விட்டார். நான்காம் நாள் என்னிடம் மெதுவாக, "அந்தப் படகுக்காரங்கிட்ட மன்னிப்பு கேக்க வழி இருக்குதா மேடம்?" என்றார். அவரும் அந்த வாளை எடுத்திருந்தார்.

ஆனால் இருவரும் ஒரே குறையைச் சொன்னார்கள். சண்டை ஜாஸ்தி, குகைக்குக் குகை அதே ஓநாய். எனக்கு அது வலித்தது. அந்தச் சண்டைகளைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு அதற்குள் ரசிக்கவே ஆரம்பித்திருந்தேன். எழுதாமல் விடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுதினேன்.

ரிப்போர்ட் இதுதான்: எழுத்தைப் பெரிதாக்குங்கள், தானாக சேவ் ஆகட்டும், சண்டையைப் பாதியாகக் குறையுங்கள், பேச்சில் ஒரு வரியையும் தொடாதீர்கள், அம்பு வேண்டுகிறவர் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். கிளையன்ட் அம்புதான் கேட்பார் என்று சார் எச்சரித்தார். கேட்கட்டும், நானே பேசுகிறேன் என்றேன்.

கிளையன்ட்டோடு போனில் பேசும்போது என் இங்கிலீஷ் தடுமாறியது. ஆனாலும் ஏழுமலை கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் அம்பை விட்டுக்கொடுத்தார். சண்டையை மட்டும் குறைக்கவே மாட்டேன் என்றுவிட்டார்; சின்ன வயதில் அவர் ஆடிய விளையாட்டு அது. வெளியான பிறகு வந்த புகார்களில் பெரும்பாலானவை ஓநாய்களைப் பற்றித்தான். அடுத்த அப்டேட்டில் குறைத்தோம். படகோட்டியைப் பற்றி மட்டும் ஒருவரும் புகார் சொல்லவில்லை.

இப்போது என் டீமில் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பழைய விளையாட்டில் ஒன்று கஷ்டமாக இருந்தால், அந்தக் காலத்து மெஷினால் முடியாமல் போனதா, செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்ததா என்று கேளுங்கள். முதலாவதைக் கூசாமல் மாற்றுங்கள். இரண்டாவதாக இருந்தால், கடைசிவரை ஆடிவிட்டு, உங்களைப் போல அதற்குப் பழகிப்போகாத ஒருவரையும் ஆடவைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.